சூனிய வழக்கு முதல் கல்லறைச் சின்னம் வரை

விக்கா என்பது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் உருப்பெற்ற புதிய சமயம். கொம்புடைய ஆண் தெய்வம் ஒன்றையும் நிலவோடு தொடர்புடைய பெண் தெய்வம் ஒன்றையும் வணங்குதல், பருவ மாற்றங்களையொட்டி ஆண்டுக்கு எட்டு விழாக்கள் எடுத்தல், சடங்குவழி மந்திரம் பயிலுதல் ஆகியவை அதன் பொதுக்கூறுகள். அதன் வழிபாட்டில் சாத்தானுக்கு இடமில்லை. ஆயினும் அதைச் சார்ந்தோர் சூனியக்காரர் என்ற பழிப்பெயரையே விரும்பி ஏற்றுக்கொண்டதால், கிறித்தவத்துக்கும் விக்காவுக்கும் இடையிலான உரையாடல் தொடக்கத்திலேயே ஒரு பழைய கணக்கைச் சுமக்க நேர்ந்தது.

அக்கணக்கு கொடியது. 15 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் சூனியக் குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டோர் 40,000 முதல் 60,000 பேர் வரை இருக்கலாம் என்பது இன்றைய ஆய்வாளர்களின் மதிப்பீடு. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டினர் என்ற வேறுபாடின்றி இரு தரப்பாரும் யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தின் 18ஆம் வசனத்தை இதற்கு ஆதாரம் காட்டினர். இக்கொடுமைக்கு எதிரான வலுவான குரல்களுள் ஒன்று திருச்சபைக்குள்ளிருந்தே எழுந்தது. ஜெர்மானிய இயேசு சபைக் குருவான பிரீட்ரிக் ஸ்பே, 1631இல் தம் பெயரை மறைத்து வெளியிட்ட 'கௌத்தியோ கிரிமினாலிஸ்' என்னும் இலத்தீன் நூலில், சித்திரவதை யாரையும் எதையும் ஒப்புக்கொள்ள வைக்கும் என்றும், அவ்வாறு வதைபட்டவர் பிறரைக் காட்டிக்கொடுக்க, அவர்கள் இன்னும் பலரைக் காட்டிக்கொடுக்க, குற்றவாளிகளின் எண்ணிக்கை பெருகுவது விசாரணை முறையின் விளைவே என்றும் வாதிட்டார். சூனியம் உண்டு என்ற நம்பிக்கையை அவர் கைவிடவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. கொள்கை வேறு, தண்டனை வேறு என்று பிரித்துக் காணும் வழியை அவர் அன்றே காட்டினார். அவ்வழியில் பிறர் நடக்கத்தான் நெடுங்காலம் ஆயிற்று.

பிரிட்டனின் 1735ஆம் ஆண்டுச் சட்டம் சூனியத்துக்கு மரண தண்டனை விதிப்பதை ஒழித்து, மாய ஆற்றல் தமக்கு இருப்பதாக நடிப்பதை மட்டும் குற்றமாக்கியது. அச்சட்டமும் 1951இல் நீக்கப்பட்ட பின்னரே, விக்காவை உலகறியச் செய்த ஜெரால்டு கார்ட்னர் (1884–1964) விக்காவைப் பற்றி வெளிப்படையாக எழுத முடிந்தது. இவர் இளமையில் இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலும் பின்னர் மலாயாவின் சுங்கத் துறையிலும் பணியாற்றியவர். கிறித்தவத்துக்கு முந்தைய சமயம் ஒன்று மறைவாக வாழ்ந்து வந்ததென்றும், சூனியக்காரரென எரிக்கப்பட்டோர் அதன் அடியார்களே என்றும் ஆய்வாளர் மார்கரெட் மர்ரே 1921இல் முன்வைத்த கருத்தை அவர் அடித்தளமாகக் கொண்டார். கொல்லப்பட்டோர் 90 இலட்சம் பேர் என்ற எண்ணும் அவருடைய எழுத்தில் இடம்பெற்றது. அவ்வெண்ணின் மூலம் வியப்புக்குரியது: 18ஆம் நூற்றாண்டில் ஃபோய்க்ட் என்ற ஜெர்மானியர், குவெட்லின்பர்க் என்னும் ஒரே ஊரின் சில வழக்குப் பதிவுகளை வைத்து ஐரோப்பா முழுமைக்கும் பெருக்கிக் கண்ட கணக்கு அது.

1999இல் வரலாற்றாசிரியர் ரொனால்டு ஹட்டன், விக்கா தொன்மையான சமயத்தின் எச்சமன்று, நவீன இங்கிலாந்தின் படைப்பே என்று விரிவாக நிறுவினார். விக்காவினர் பலர் அதை ஏற்றுக்கொண்டது அவர்களுடைய நேர்மைக்குச் சான்று. ஆனால், ஒரு சமயம் புதியது என்பதனாலேயே அது பொய் என்றாகாது. தொடக்க காலத்தில் கிறித்தவமும் இதே பழிச்சொல்லைக் கேட்டது. எனவே கிறித்தவர் முன்வைக்க வேண்டிய மறுப்பு காலத்தைப் பற்றியதன்று, பொருளைப் பற்றியது. படைத்தவரும் படைப்பும் வேறு என்பது விவிலியக் கொள்கை. இயற்கையிலேயே தெய்வம் உறைகிறது என்பது விக்காவினர் பலரின் கொள்கை. ஒன்று வேண்டுதலால் இறைவனின் விருப்பத்துக்குத் தன்னை ஒப்படைக்கிறது, மற்றொன்று சடங்கால் உலகின் போக்கை மாற்ற முயல்கிறது. இவ்வேறுபாட்டை மழுப்புவது மரியாதை ஆகாது. பிலிப் ஜான்சன் என்ற கிறித்தவரும் கஸ் டிசெரேகா என்ற, பேகன் எனப்படும் இயற்கை வழிபாட்டுச் சமயத்தவரும் 2008இல் வெளியிட்ட உரையாடல் நூல், இரு தரப்பும் விட்டுக்கொடுக்காமலே பேச முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டு.

கொள்கையில் விட்டுக்கொடுக்காமலே பிறர் உரிமையை மதிக்க முடியுமா என்பதற்குப் பொதுவாழ்வில் வந்த சோதனை அமெரிக்காவில் நிகழ்ந்தது. இராணுவக் குருமாருக்கான கையேடு 1978லேயே விக்காவை விளக்கியிருந்தது. 1986இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அதைச் சமயமாக ஏற்றது. ஆயினும் படைவீரர் நலத்துறை, நாத்திகரின் சின்னம் உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட கல்லறைச் சின்னங்களுக்கு இசைவளித்தபோதும், வட்டத்துக்குள் அமைந்த ஐந்துமுனை நட்சத்திரமான விக்காவின் சின்னத்துக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் விடை கூறவில்லை. 2005இல் ஆப்கானிஸ்தானில் உயிரிழந்த நெவாடா வீரர் ஒருவருக்கு நினைவுச் சுவரில் ஒதுக்கப்பட்ட இடம் ஓராண்டுக்கு மேல் வெறுமையாகவே இருந்தது. இதை எதிர்த்து வழக்குத் தொடுத்த அமைப்பின் தலைவர் பாரி லின், ஐக்கிய கிறிஸ்து சபையில் குருப்பட்டம் பெற்றவர். 2007 ஏப்ரலில் உடன்பாடு ஏற்பட்டு, அந்நட்சத்திரம் பட்டியலில் சேர்ந்தது. அதற்காக எந்தத் திருச்சபையும் தன் விசுவாச அறிக்கையில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.