புழுவை நோகாமல் பிடிக்க ஒரு கருவி பிறந்த கதை

முதுகுத்தண்டின் அடியில் கிளம்பி கால்விரல் வரை ஓடும் நரம்பணு ஒன்று நம் எல்லோர் உடலிலும் இருக்கிறது. அது ஒரே ஒரு செல்தான். ஆனால் அதிலிருந்து நீளும் ஆக்சான் என்ற இழை கிட்டத்தட்ட 1 மீட்டர் போகிறது. கால்விரல் பக்கத்து நுனிக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை தயாராவது முதுகுப் பக்கம் இருக்கும் செல் உடலில். செய்த சரக்கு அங்கிருந்து நுனிக்குப் போயாக வேண்டும். பழுதானது திரும்பி வந்தாக வேண்டும். இது தடைபட்டால் பாதிப்பு நுனியில் தொடங்கிவிடும்.

இந்தப் போக்குவரத்து இருப்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் பால் வைஸும் ஹெலன் ஹிஸ்கோவும். 1948-ல் அவர்கள் விலங்குகளின் நரம்பை ஓரிடத்தில் இறுக்கிப் பார்த்தார்கள். இறுக்கத்துக்கு முன்னால் இழைகள் புடைத்தன. இறுக்கத்தைத் தளர்த்தியதும் தேங்கி நின்றது மெல்லக் கீழே நகர்ந்தது. சுமப்பவர் யார் என்பது தெரிய இன்னும் முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின. 1985-ல் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் மூவரும் கணவாயின் பருத்த ஆக்சானை ஆராய்ந்து கைனெசின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். ஆக்சானுக்குள் நுண்குழல்கள் நீளவாக்கில் கிடக்கின்றன. கைனெசின் அவற்றின் மேல் அடியெடுத்து வைத்து நடக்கிறது. ஓர் அடி 8 நானோமீட்டர். ஓர் அடிக்கு ஏடிபி என்ற எரிபொருளில் ஒரு மூலக்கூறு செலவாகிறது. திரும்பி வரும் சரக்கை டைனீன் என்ற இன்னொரு புரதம் இழுத்துவருகிறது. வினாடிக்கு 1 மைக்ரோமீட்டர் என்று கணக்கிட்டால், 1 மீட்டரைக் கடக்க 11 நாளுக்கு மேல் ஆகும்.

கணவாயின் ஆக்சான் உடலிலிருந்து வெட்டியெடுத்தது. உயிரோடு, முழு உடலோடு இருக்கும் பிராணிக்குள் இதைப் பார்க்க முடியுமா? அதற்கு சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப்புழு வாகாக அமைந்தது. வளர்ந்த புழு 1 மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி மாதிரி உடம்பு, மொத்தமே 302 நரம்பணுக்கள். சிட்னி பிரென்னர் இதை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்து 1974-ல் தன் பெரிய கட்டுரையை வெளியிட்டார். நடை தடுமாறும் புழுக்களைப் பொறுக்கி எடுத்து மரபணுக்களைத் தேடிய காலம் அது. அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்று யுஎன்சி-104. நரம்பு முனைக்கான சிறு பைகளைச் சுமக்கும் கைனெசின் வகைப் புரதத்தைத்தான் அந்த மரபணு உருவாக்குகிறது என்று 1991-ல் தெரிந்தது. 1994-ல் மார்ட்டின் சால்ஃபி ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரதத்தை இதே புழுவின் தொடுவுணர்வு நரம்பணுக்களில் ஒளிரவைத்தார். இனி சரக்கின் மேல் அந்தப் பச்சையை ஒட்டிவிட்டால் போதும், அது ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஆனால் புழு ஒரு நிமிடம்கூடச் சும்மா கிடப்பதில்லை. நெளிந்துகொண்டே இருக்கும் உடம்புக்குள் மைக்ரோமீட்டர் அளவில் நகரும் புள்ளியைத் துரத்துவது நடக்காத காரியம். அதனால் மயக்க மருந்து கொடுத்தார்கள். ஒன்று லெவாமிசோல், குடல்புழுவை வெளியேற்ற மருந்தாகத் தருவது. அது புழுவின் தசையை இறுக்கி முடக்கிவிடும். இன்னொன்று சோடியம் அசைடு. அது மைட்டோகாண்ட்ரியாவின் மூச்சையே நிறுத்துகிறது. ஏடிபி பெரும்பாலும் உருவாவது அங்கேதான். அடிக்கு ஓர் ஏடிபி கேட்கும் புரதத்தின் நடையைப் பார்க்க வேண்டும், அதற்காக அந்த ஏடிபி ஊற்றையே அடைக்கிறோம். அப்புறம் திரையில் தெரிவதை இயல்பான ஓட்டம் என்று எப்படி நம்புவது? இந்தக் கேள்வியின் நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எல்லோரும் பழகிப்போய் விட்டுவிட்ட ஒன்றைத் திரும்பக் கேட்பது லேசான காரியம் அல்ல.

அதைக் கேட்டு விடையும் செய்துகாட்டிய இடம் பெங்களூரு. பெல்லாரி சாலையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜிகேவிகே வளாகத்துக்குள் தேசிய உயிரியல் அறிவியல் மையம், என்சிபிஎஸ், இருக்கிறது. அங்கே சந்தியா கௌஷிகாவின் ஆய்வுக்கூடம் இந்தப் புழுக்களின் ஆக்சான் போக்குவரத்தைப் படித்துவந்தது. சுதீப் மண்டல் முதல் ஆசிரியராக இருந்த குழுவில், இந்திய அறிவியல் கழகத்தின் இயற்பியலாளர் வெங்கடராமனும் சேர்ந்தார். அவர்கள் செய்த கருவி 2011-ல் 'டிராஃபிக்' என்ற ஆய்விதழில் வெளிவந்தது.

கருவி என்றதும் பெரிய எந்திரம் நினைவுக்கு வர வேண்டாம். பிடிஎம்எஸ் என்ற ஒளி ஊடுருவும் சிலிக்கோன் ரப்பர்க் கட்டி அது, கைக்குள் அடங்கும். முதலில் சிலிக்கான் தட்டில் ஒளியைப் பாய்ச்சி மேடு எழுப்பி அச்சு தயாரிக்கிறார்கள். பசையையும் இறுகவைக்கும் திரவத்தையும் 10-க்கு 1 என்று கலந்து, காற்றுக் குமிழ் போகும்வரை வெற்றிடத்தில் வைத்து, அச்சில் ஊற்றிச் சூடுகாட்டி, உரித்தெடுக்கிறார்கள். உரித்த ரப்பரில் மேடு இருந்த இடமெல்லாம் வாய்க்காலாகப் பதிந்திருக்கும். இப்படி இரண்டு அடுக்கு. கீழ் வாய்க்காலில் புழு நீந்தும். மேல் வாய்க்காலில் வாயு அழுத்தம். இரண்டுக்கும் நடுவே மெல்லிய ரப்பர்ச் சவ்வு. அழுத்தம் கூடினால் சவ்வு கீழே புடைத்து, புழுவைக் கண்ணாடி வில்லையோடு மெல்ல அமுக்கும். சங்கில் மருந்து புகட்டும் பாட்டி குழந்தையின் கையைப் பிடிப்பாளே, அந்த அளவு பிடி. படம் எடுத்தபின் அழுத்தத்தைக் குறைத்தால் புழு நெளிந்து போய்விடும்.

எடுத்த படங்களிலிருந்து ஆக்சான் ஓடும் அந்த ஒற்றைக் கோட்டை மட்டும் நறுக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகிறார்கள். நின்ற சரக்கு செங்குத்துக் கோடாக விழும். ஓடும் சரக்கு சாய்கோடாக விழும். சாய்வை அளந்தால் வேகம். சாய்கோடுகளை எண்ணினால் எவ்வளவு சரக்கு போகிறது என்ற கணக்கு.

அந்தக் கணக்கில்தான் சந்தேகம் உறுதியானது. சில வகைச் சரக்குகளின் ஓட்டத்தை மயக்க மருந்து கணிசமாக மாற்றியிருந்தது, சிலவற்றை எதிர்பாராத விதத்திலும். இளம்பருவத்துப் புழுக்களில் சில சரக்குகளின் ஓட்டம் இந்தக் கருவிக்குள் மட்டுமே படத்துக்கு அகப்பட்டது. புழு வளர வளர, நரம்பு முனைகள் பெருகப் பெருக, முன்னோக்கிப் போகும் பைகளின் ஓட்டமும் கூடியது. பழ ஈயின் புழுப்பருவத்திலும் மைட்டோகாண்ட்ரியா ஓடுவதைப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு செய்முறையைக் காணொளியோடு வெளியிட்டார்கள். அதில் வரிக்குதிரை மீனும் சேர்ந்துகொண்டது. ஒரு கண்டுபிடிப்பை அறிவிப்பதற்கும் மேலாக, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளும்படி அச்சு முதல் அழுத்தம் வரை எழுதிக் கொடுத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கௌஷிகாவின் ஆய்வுக்கூடம் பின்னர் மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மாறியது. அப்போது சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்த இயற்பியலாளர் கௌதம் மேனனோடு சேர்ந்து 2018-ல் அவர் வெளியிட்ட ஆய்வு, ஓடாமல் நிற்கும் சரக்கைப் பற்றியது. ஆக்சானில் ஆக்டின் புரதம் அடர்ந்த இடங்களில் பைகள் நின்றுபோகின்றன. நின்றவற்றில் முட்டி, ஓடிவருபவையும் நிற்கின்றன, நெரிசல் உண்டாகிறது. இதைக் கோளாறு என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். ஆனால் புழுவைத் திரும்பத் திரும்பத் தொட்டபோது அப்படி நின்றிருந்த பைகளின் எண்ணிக்கை குறைந்தது. நெரிசல் இடங்கள் சேமிப்புக் கிடங்குகளாகவும் இருக்கலாம், ஓட்டம் வற்றாமல் காக்க அங்கிருந்து சரக்கு எடுக்கப்படலாம் என்று அவர்கள் எழுதினார்கள்.