பலகை என்று சொன்ன பையன்



1980களின் கடைசி. ஏழாம் வகுப்பு ஆங்கிலப் பாடம். கரும்பலகையைத் தட்டிக் காட்டி, "போர்டு என்றால் பலகை" என்று சொல்லிக்கொடுத்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், பஸ் ஸ்டாண்டு பக்கத்துல 'போர்டிங் அண்டு லாட்ஜிங்'னு எழுதியிருக்கே, அங்க பலகையிலயா படுக்க வைப்பாங்க?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "உட்காருடா, அது வேற போர்டு" என்றேன். அந்த வருஷம் முழுக்க அவன் வேறு கேள்வியே கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு பெரிய அகராதியை நிதானமாகப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அது வேற போர்டு இல்லை, அதே பலகைதான்.

பழைய ஆங்கிலத்தில் போர்டு என்றால் அறுத்த மரப்பலகை. அந்தக் காலத்து இங்கிலாந்து வீடுகளில் நிரந்தரமான சாப்பாட்டு மேசை அபூர்வம். சாப்பாட்டு நேரத்தில் முக்காலி போன்ற தாங்கிகளின் மேல் நீளப் பலகையைப் போடுவார்கள். சாப்பிட்டதும் எடுத்துச் சாத்திவிடுவார்கள். அதனால் பலகையின் பெயரே மேசைக்கு ஆனது. பிறகு அதன்மேல் வைக்கும் சாப்பாட்டுக்கும் ஆனது. போர்டிங் என்றால் சாப்பாடு, லாட்ஜிங் என்றால் தங்கல். நாம் மட்டும் என்ன? கல்யாண வீட்டில் "எத்தனை இலை விழுந்தது?" என்று கேட்டு, சாப்பிட்ட ஆட்களைத்தானே எண்ணுகிறோம்!

அதே மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுக்கும் பெரியவர்களுக்கும் போர்டு என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் கம்பெனி ஆட்சியோடு நம் ஊருக்கும் வந்தது. 1786இல் சென்னையில் நில வரியைக் கவனிக்க 'போர்டு ஆஃப் ரெவின்யூ' ஏற்பட்டது. 1884ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு எல்லாம் வந்தன. அவை நடத்திய பள்ளிகளைத்தான் நம் பெரியவர்கள் 'போர்டு ஸ்கூல்' என்றார்கள்; அங்கே கரும்பலகை இருந்ததால் அல்ல. இன்று பிள்ளைகள் பயப்படும் 'போர்டு எக்ஸாம்' என்பதிலும் அந்த மேசைதான் ஒளிந்திருக்கிறது. புலவர்கள் சபையை மதுரைச் சங்கப் பலகையோடு சேர்த்துச் சொல்லும் நமக்கு இது புதிதா என்ன?

கப்பலின் பக்கவாட்டுக்கும் பழைய ஆங்கிலத்தில் இதே பெயர்தான். கப்பலைத் திருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்ததால் அந்தப் பக்கம் 'ஸ்டார்போர்டு' ஆனது. அந்தப் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் சம்பந்தமில்லை. கப்பலில் ஏறுவதற்குச் சொன்ன சொல் ரயிலுக்கும் விமானத்துக்கும் வந்து, இப்போது உங்கள் கையில் 'போர்டிங் பாஸ்' ஆக இருக்கிறது.

ஒரு சொல்லுக்கு ஏழு அர்த்தம் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தேன். பலகையிலிருந்து மேசை, மேசையிலிருந்து சாப்பாடு என்று கதையாகச் சொல்லியிருந்தால் ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

தம்பி, இதை நீ படிக்கிறாயா தெரியவில்லை. அங்கே பலகையில் படுக்க வைக்கவில்லை. பலகையில் சாப்பாடு போட்டார்கள். நீ பாதிக்கு மேல் சரியாகத்தான் சொன்னாய். நான்தான் முழுக்கத் தப்பாகச் சொன்னேன். சிரித்ததற்கு மன்னித்துவிடு.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிள்ளைகள் கேட்கும் கேள்வி அசட்டுத்தனமாகத் தோன்றினால், சிரிப்பதற்கு முன் ஒருமுறை அகராதியைப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்