டாக்டர் மீது ஐந்து வழக்குகள்

கட்டொழுங்கு என்று பேச்சை எடுத்தாலே நம்மூரில் நேராக ரோத்தானுக்குத் தாவிவிடுகிறோம். 'அடிக்காம எப்படித் திருத்துறது?' என்று கேட்பவர்களிடம் நான் யானுஷ் கோர்ச்சாக்கைப் பற்றிச் சொல்வதுண்டு. 'அதெல்லாம் ஏட்டுல நல்லா இருக்கும்' என்றுதான் பதில் வரும். ஏட்டில் இல்லை. வார்சா நகரில், குரோக்மால்னா தெருவில், 92-ஆம் எண் கட்டடத்தில் நடந்தது.

கோர்ச்சாக் போலந்து யூதர். குழந்தை மருத்துவர், எழுத்தாளர். 1912-இல் ஸ்டெஃபானியா வில்சின்ஸ்காவோடு சேர்ந்து யூத அநாதைப் பிள்ளைகளுக்கான அந்த இல்லத்தைத் தொடங்கினார். அங்கே தவறுகளை விசாரித்தது பிள்ளைகளின் நீதிமன்றம். குறை இருப்பவர் தன் பெயரையும் எதிராளியின் பெயரையும் பலகையில் எழுத வேண்டும். விசாரணை வாரத்துக்கு ஒருமுறைதான். அந்த வாரம் வழக்கில் சிக்காத பிள்ளைகளில் ஐந்து பேரைச் சீட்டுக் குலுக்கி நீதிபதிகளாக எடுப்பார்கள். எனக்குப் பிடித்ததே அந்தக் காத்திருப்புதான். கோபம் ஆறிய பிறகுதான் பேச்சே.

அவர் எழுதிய சட்டத்தொகுப்பு இன்னும் விசித்திரம். 1 முதல் 99 வரை எல்லாமே விடுவிக்கிற, மன்னிக்கிற பிரிவுகள். அதற்குப் பிறகு 100, 200 என்று நூறு நூறாகத் தாவுகிறது. 100 என்றால், மன்னிக்காமல், 'இவன் இதைச் செய்தான்' என்று பதிவு செய்வதோடு சரி. 500-இல் தீர்ப்பு இல்லத்துச் செய்தித்தாளில் வரும். 1000-இல்தான் வெளியேற்றம். அடி எந்த எண்ணிலும் கிடையாது.

பெரியவர்களும் அதற்குள்தான். ஆறு மாதத்தில் ஐந்து முறை கோர்ச்சாக் தன்மீதே வழக்குப் போட்டுக்கொண்டார். ஒரு பையனைக் காதோடு அறைந்தது, ஒருவனைப் படுக்கையறையிலிருந்து வெளியே தள்ளியது, ஒருவனை மூலையில் நிற்க வைத்தது, ஒரு நீதிபதியை அவமதித்தது, ஒரு சிறுமி திருடியிருப்பாள் என்று சந்தேகப்பட்டது. ஐந்திலும் தீர்ப்பு நூறுக்குக் கீழேதான். கவனியுங்கள், அவரும் கை நீட்டியிருக்கிறார். அவரை மகானாக்குவதில் எனக்கு ஆர்வமில்லை. அறைந்ததை அறைந்தது என்றே எழுதி, சின்னப் பிள்ளைங்க முன்னால் வைத்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எத்தனை ஆசிரியர்களால் முடியும்?

எல்லாம் சுமுகமாகவும் போகவில்லை. பிள்ளைகள் நீதிமன்றத்தை மதிக்காமல் போக, சில வாரம் அதை நிறுத்தியே வைத்தார். பிறகு, தீர்ப்பு பிடிக்காதவர்கள் மறுவிசாரணை கேட்கலாம் என்பது போன்ற மாற்றங்களோடு மறுபடி நடந்தது.

கோர்ச்சாக்கைத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவருடைய சாவைத்தான் தெரிந்திருப்பார்கள். 1942 ஆகஸ்டில் ஏறக்குறைய 200 பிள்ளைகளோடு அவரையும் வில்சின்ஸ்காவையும் நாஜிகள் திரெப்ளிங்காவுக்கு ரயிலேற்றினார்கள். தப்பிக்க வழி கிடைத்தும் அவர் பிள்ளைகளை விட்டுப் போகவில்லை.

1978-இல், குழந்தைகளின் உரிமைக்கு உலக உடன்படிக்கை ஒன்று வேண்டும் என்று ஐ.நா.வில் முன்மொழிந்த நாடு போலந்து. 1989-இல் நிறைவேறிய அந்த உடன்படிக்கையின் 28-ஆம் பிரிவு, பள்ளிக் கட்டொழுங்கு பிள்ளையின் மாண்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. மலேசியா 1995-இல் அதில் இணைந்தது. ரோத்தானை அனுமதிக்கும் 1959-ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளும் இங்கே இருக்கின்றன.