முடியாட்சி ஒழிப்புப் புரட்சிகளும் பட்டு நெசவும்

முடியாட்சி ஒழிப்புப் புரட்சி என்பது மன்னனை நீக்குவதோடு நில்லாமல், பிறப்பால் ஆளும் உரிமையையே மறுக்கும் அரசியல் மாற்றத்தைக் குறிக்கும். ஐரோப்பாவில் இங்கிலாந்து (1649), பிரான்சு (1792), உருசியா (1917) ஆகியவற்றின் புரட்சிகள் பெரிதும் ஒப்பிடப்படுகின்றன. இங்கிலாந்தில் 1660இல் முடியாட்சி மீண்டது. உருசியாவில் பெத்ரோகிராது நகரத்து நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரே வாரத்தில் மன்னனின் முடிதுறப்பில் முடிந்தது.

பட்டு நெசவோடு மிக நெருங்கிய தொடர்புடையது பிரெஞ்சுப் புரட்சியே. லியோன் நகரப் பட்டை மிகுதியாக வாங்கியவை அரசவையும் திருச்சபையும் ஆதலால், அவ்விரண்டின் வீழ்ச்சி தறிகளையும் நிறுத்தியது. எனினும் அந்நகர நெசவாளர் மன்னர் காலத்திலேயே, 1786இல், துணியின் ஒவ்வொரு நீள அளவுக்கும் இரண்டு சூ (சிறு நாணயம்) கூலி உயர்வு கேட்டுக் கிளர்ந்து ஒடுக்கப்பட்டவர்கள். 1793இல் லியோன் புரட்சி அரசை எதிர்த்தெழுந்து, இரண்டு மாத முற்றுகைக்குப்பின் அக்டோபர் 9 அன்று வீழ்ந்தது. ஏறத்தாழ 1,900 பேர் கொல்லப்பட்டனர். நகரின் பெயரும் பறிக்கப்பட்டது. நெசவாளர் எப்பக்கம் நின்றனர் என்பதில் கருத்தொற்றுமை இல்லை. அவர்கள் இருபுறமும் பிரிந்திருந்தனர் எனக் கொள்வதே பொருந்தும். முற்றுகையில் நகரைக் காத்தவர்களுள் ஒருவராகக் கூறப்படும் ஜக்கார்டு (1752–1834), துளையிட்ட அட்டைகளின் வரிசைப்படி பாவு இழைகள் தாமே எழுந்து தாழும் கருவியை 1804ஐ ஒட்டி உருவாக்கினார். அவருக்கு முன்பே தறிக் கருவிகளை வகுத்த வோகான்சன் முதலிய முன்னோடிகளின் பங்கு பெரிது என்பதால், இக்கண்டுபிடிப்பை அவர் ஒருவருக்கே உரியதாக்குவது சரியன்று. கயிறிழுக்கும் உதவியாள் இல்லாமலே பூவேலை நெய்ய வழிசெய்த அவ்வட்டைக் கோவை, தறியின் தலைமேல் அசைந்திறங்கும்போது காணத்தக்க அழகுடையது.

தமிழ்நாட்டின் பட்டு நெசவூரான ஆரணியிலோ, பெத்ரோகிராதில் போல ஆட்சி மாற்றம் தறியோரத்தில் பிறக்கவில்லை. மராத்தியர் காலத்தில், படைப்பணிக்கு ஈடாக நிலவரி உரிமை வழங்கும் ஜாகீராக அமைந்த இவ்வூர், 1751இல் ஆங்கிலப் படைத்தலைவர் கிளைவ் பிரெஞ்சு உதவி பெற்ற படையை வென்ற போரையும், 1782இல் மைசூர் ஆட்சியாளர் ஐதர் அலியும் ஆங்கிலத் தளபதி ஐர் கூட்டும் மோதிய போரையும் கண்டது. ஜாகீர் முறைக்கு முடிவு கட்டியது கிளர்ச்சியன்று. ஜமீன் முறை ஒழிப்புக்காகச் சென்னை மாகாணம் 1948இல் இயற்றிய சட்டம். பட்டுச்சேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஆரணியில் கரையும் முந்தானையும் இன்று அவ்வட்டைக் கருவியான ஜக்கார்டு பெட்டியால் நெய்யப்படுகின்றன. அட்டைகளுக்கான வடிவங்கள் கணினியில் வரையப்படுகின்றன.