காஞ்சனை ஏன் லயத்துக்கு வரவில்லை?

புதுமைப்பித்தனை நாங்கள் எல்லாரும் ஏதோ ஒரு வயதில் வாசித்திருக்கிறோம். அவருடைய இரண்டு கதைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று 1935-ல் 'மணிக்கொடி'யில் வந்த 'துன்பக்கேணி'. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேரும் மருதி என்ற பெண்ணின் கதை. இன்னொன்று 1943-ல் வந்த 'காஞ்சனை'. தூக்கம் வராத ஓர் எழுத்தாளன், வாசலில் வந்து நிற்கும் ஒரு பிச்சைக்காரி, அவளை வேலைக்கு வைத்துக்கொள்ளும் மனைவி, ராத்திரியில் எங்கிருந்தோ வரும் வாசனை. இவ்வளவுதான் சாமான். இதை வைத்துக்கொண்டு தமிழில் இன்றைக்கும் பயமுறுத்துகிற ஒரு கதையை எழுதிவிட்டார்.

இரண்டையும் எழுதியது ஒரே ஆள். தோட்டத்தையும் எழுதத் தெரிந்தவர், பேயையும் எழுதத் தெரிந்தவர். ஆனா அந்த இரண்டும் அவரிடம் சந்திக்கவே இல்லை. துன்பக்கேணி முழுக்க நடப்பியல். காஞ்சனை நடப்பது நகரத்து மத்தியதர வீட்டில். அவருக்குப் பிறகு வந்த மலையக எழுத்தும் துன்பக்கேணி போன வழியில்தான் போனது. காஞ்சனை அட்டன் ரயில் ஏறவே இல்லை. ஏன்? இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் காஞ்சனையின் சொந்தக்காரர்களைப் பார்ப்போம்.

தமிழில் பேய்க்கதைக்குப் பஞ்சமே இல்லை. விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிய வேதாளம் இருக்கிறது. பரணி இலக்கியத்தில் பேய்கள் கூழ் காய்ச்சுகின்றன. புதுமைப்பித்தனுக்கு இதெல்லாம் அத்துப்படி. 'வேதாளம் சொன்ன கதை', 'பிரம்ம ராக்ஷஸ்' என்றெல்லாம் எழுதிப் பார்த்தவர். ஆனா அவருக்கு இன்னொரு பக்கத்துச் சொந்தமும் இருந்தது. மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலை 1940-களில் 'பிரேத மனிதன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

அந்த நாவல் பிறந்த விதம் சுவாரசியமானது. 1815-ல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தப் புகையும் சாம்பலும் அடுத்த வருஷம் ஐரோப்பாவின் கோடைகாலத்தையே கெடுத்துவிட்டன. 1816-ல் ஜெனிவா ஏரிக்கரையில் ஒரு வீட்டில் மழைக்குப் பயந்து அடைபட்டிருந்த கவிஞர் பைரனும் நண்பர்களும் பொழுதுபோக ஒரு புத்தகம் வாசித்தார்கள். ஜேர்மன் பேய்க்கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு அது, 1812-ல் வெளிவந்தது. ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று பைரன் சொல்ல, அப்போது 18 வயதான மேரி எழுதத் தொடங்கியதுதான் பிராங்கன்ஸ்டைன். 1818-ல் அச்சாகியது. ஜேர்மன் பேய், பிரெஞ்சுக்குப் போய், ஆங்கிலத்துக்கு வந்து, கடைசியில் புதுமைப்பித்தனிடம் தமிழ் பேசியது.

அந்த ஜேர்மன்காரர்களுக்கு மட்டும் பேய் எங்கிருந்து கிடைத்தது? 1587-ல் பிராங்பேர்ட்டில் அச்சான, பிசாசுக்கு ஆத்துமாவை விற்ற டொக்டர் பாஸ்டஸின் கதையிலிருந்து தொடங்கலாம். ஆனா எங்களுக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது சுரங்கம். ஜேர்மன் நாட்டுப்புறப் பேய்களில் ஒரு பெரிய கூட்டம் வேலைத்தளத்துப் பேய்கள். 1549-ல் அக்ரிகோலா என்ற அறிஞர் நிலத்தடி உயிர்களைப் பற்றி எழுதிய நூலில் சுரங்கத்துப் பேய்களுக்கும் இடம் கொடுத்தார். வெள்ளித் தாது என்று நம்பி வெட்டினால், உருக்கும்போது நச்சுப் புகைதான் வரும். 'கொபோல்ட்' என்ற குட்டிச்சாத்தான் செய்த வேலை என்று தொழிலாளிகள் சொன்னார்கள். இன்றைக்கு வேதியியல் பாடத்தில் படிக்கிற கோபால்ட் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். அந்தப் பேய்க்குப் பின்னால் நிஜமான ஆர்செனிக் புகை இருந்தது. வேலை செய்தவர்களின் நெஞ்சு எரிந்தது. அவர்களுக்குத் தெரிந்த மொழியில் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்.

இதைவிட உலுக்குவது பாலுன் கதை. பாலுன், சுவீடனில் இருந்த செப்புச் சுரங்கம். 1677-ல் ஒரு இளம் தொழிலாளி காணாமல் போனான். 42 வருஷம் கழித்து, 1719-ல், ஒரு உடல் கிடைத்தது. சுரங்கத்து இரசாயன நீரில் ஊறியதால் அழுகவே இல்லை. நேற்று இறந்தவன் போல இருந்தான். யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது ஒரு கிழவி வந்து, இவன்தான் எனக்கு நிச்சயித்தவன் என்று அடையாளம் சொன்னாள். மாப்பிள்ளைக்கு இருபத்துச் சொச்சம், பெண்ணுக்கு நரைத்த தலை.

இது நடந்த சம்பவம். ஜேர்மன் எழுத்தாளர்கள் இதை விடவில்லை. 1811-ல் ஹேபெல் ஒரு சின்னக் கதையாக எழுதினார். 1819-ல் ஹொப்மன் 'பாலுன் சுரங்கங்கள்' என்ற நீண்ட கதையாக எழுதினார். ஹொப்மன் பெர்லினில் நீதிபதி. பகலில் சட்டம், ராத்திரியில் அமானுஷ்யம். அவருடைய கதையில் தோர்பேர்ன் என்ற கிழட்டுச் சுரங்கத் தொழிலாளி வருகிறார். கடலோடியான கதாநாயகனை ஆசை காட்டிச் சுரங்கத்துக்கு அனுப்புகிறார். பிறகுதான் தெரிகிறது, தோர்பேர்ன் எப்போதோ சுரங்கம் இடிந்து செத்தவர். சுரங்கத்தில் ஆள் குறையும்போதெல்லாம் எங்கிருந்தாவது இளைஞர்களை அழைத்து அனுப்புவது அவர் வழக்கமாம்.

ஆள் சேர்க்கிற பேய்! இதை வாசித்தபோது எங்களுக்கு வேறு யாரும் ஞாபகம் வரவில்லை. கங்காணிதான் வந்தார்.

இன்னொரு உதாரணம் மட்டும் சொல்லிவிட்டு நம்ம பக்கம் வருகிறோம். 1915-ல் குஸ்தாவ் மைரிங்க் எழுதிய 'கோலெம்' நாவல். களிமண்ணில் செய்து உயிரூட்டப்பட்ட உருவத்தைப் பற்றிய யூத ஐதீகம்தான் அடிப்படை. கதை நடப்பது பிராக் நகரத்து யூதச் சேரியில். நெருக்கியடித்த வீடுகள், இருட்டுச் சந்துகள், கதவில்லாத ஓர் அறை. நாவல் வரும்போது அந்தச் சேரியின் பெரும்பகுதி இல்லை. 1890-களிலிருந்து நகர அபிவிருத்தி என்று இடித்துத் தள்ளிவிட்டார்கள். வீடுகள் போன பிறகு அவற்றின் பயம் மட்டும் ஒரு நாவலில் மிஞ்சியது.

சரி, இப்போது மலைக்கு ஏறுவோம்.

தோட்டத்து ஸ்டோரில் ஒரு சாமி உண்டு. ரோதைமுனி. ரோதை என்றால் சக்கரம். போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து இந்த மண்ணில் ஊறிப்போன வார்த்தை. அந்தக் காலத்தில் தேயிலைத் தொழிற்சாலைகளைத் தண்ணீர்ச் சக்கரங்கள் ஓட்டின. சக்கரத்திலிருந்து பட்டி, பட்டியிலிருந்து ரோலர். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு முனியாண்டியைத் தெரியும், ஆனா இந்த ராட்சச மெஷினைத் தெரியாது. ஆகவே மெஷினுக்கு ஒரு முனியை நியமித்தார்கள். கை சிக்காமல், பட்டி அறுந்து அடிக்காமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. கவ்வாத்து வெட்டுகிற மலைக்குக் கவ்வாத்துசாமி இருக்கிறார். கத்தி வழுக்கினால் கால் போய்விடும் என்கிற வேலைக்கு ஒரு காவல்.

இந்தச் சாமிகள் எந்தப் புராணத்திலும் இல்லை. இந்தியாவிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்ததும் இல்லை. தோட்டத்தில் பிறந்தவை. கொபோல்டுக்கும் ரோதைமுனிக்கும் நடுவில் கடல் இருந்தாலும், இரண்டையும் பெற்றது ஒரே தாய்: உயிரை எடுக்கக்கூடிய வேலை.

பேய்களும் அப்படித்தான். பழைய பங்களா ரோட்டில் ராத்திரி குதிரைக் குளம்புச் சத்தம் கேட்குமாம், செத்துப்போன வெள்ளைக்காரத் தொரை இன்னும் மலை பார்க்க வருகிறாராம். பீலிக்கரையில் தலைவிரி கோலமாக ஒரு பொம்பளை நிற்பாளாம், பிள்ளைப்பேற்றில் செத்தவளாம். லயத்தில் வளர்ந்த யாரிடம் கேட்டாலும் இந்த மாதிரி நாலு கதை கிடைக்கும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், முதல் கதை அதிகாரத்தைப் பற்றியது. தொரை செத்த பிறகும் கண்காணிப்பு ஓயவில்லை. இரண்டாவது கதை ஆஸ்பத்திரிக்கும் லயத்துக்கும் இருக்கிற தூரத்தைப் பற்றியது.

இவற்றுக்கெல்லாம் முந்திய சாவுகளும் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் கோப்பிக் காலத்தில் எங்கள் முன்னோர் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். கொலரா, காய்ச்சல், பசி. விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். 2023-ல் மலையகம் 200 நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி போனது அந்தப் பாதையை நினைத்துத்தான். பாலுனில் ஒருவனை அடையாளம் சொல்ல 42 வருஷம் கழித்தும் ஒரு கிழவி இருந்தாள். வடக்குப் பாதையில் விழுந்தவர்களை அடையாளம் சொல்ல யாரும் திரும்பிப் போகவில்லை.

அப்படியானால் இவ்வளவையும் வைத்துக்கொண்டு நம்ம எழுத்தாளர்கள் ஏன் பேய்க்கதை எழுதவில்லை? அவர்களைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. காரணம் தெளிவாகவே இருக்கிறது. 1948-ல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1964-ல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. வீட்டில் இருக்கிறவனை நீ இந்த நாட்டுக்காரனே இல்லை என்று சொல்லும்போது, முதலில் நான் இருக்கிறேன் என்று எழுத வேண்டியிருந்தது. சி.வி. வேலுப்பிள்ளை அதைச் செய்தார். என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கொழுந்தெடுக்கும் பெண்ணை இலக்கியத்தின் நடுவில் நிறுத்தியது. முற்போக்கு எழுத்தும் நடப்பியலைத்தான் கேட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. துரைமார் எழுதிய எழுத்துகளில் தோட்டத் தொழிலாளி என்றால் மூடநம்பிக்கைக்காரன். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பேயைப் பற்றி எழுதக் கூச்சப்பட்டதில் ஆச்சரியமில்லை. சுயமரியாதை, பகுத்தறிவு என்று தோட்டங்களுக்கு வந்த இயக்கங்களும் முனியை ஒழிக்கத்தான் சொன்னார்கள். சி.வி., சாரல் நாடன் போன்றவர்கள் புண்ணியத்தில் தோட்டப் பாடல்கள் புத்தகமாகின. தாலாட்டும் ஒப்பாரியும் தப்பின. பேய்க்கதைகளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

பகுத்தறிவுக்காரர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அதை மறைக்கக்கூடாது. பேய் யாரைப் பிடிக்கிறது? பெரும்பாலும் பெண்களை. பேயோட்டுகிறேன் என்று அடி வாங்குகிறதும் அவர்கள்தான். பிள்ளைப்பேற்றில் ஒருத்தி செத்தால், லொறி ஏன் நேரத்துக்கு வரவில்லை என்று கேட்க வேண்டிய இடத்தில், அவள் பேயாகிவிட்டாள் என்று கதை முடிகிறது. குற்றவாளி தப்பிவிடுகிறான், செத்தவள் குற்றவாளியாகிவிடுகிறாள். காஞ்சனையும் கடைசியில் ஒரு பிச்சைக்காரப் பெண்தானே? வீட்டுக்குள் நுழையும் ஏழைப் பெண்ணைப் பார்த்து ஒரு மத்தியதர ஆண் நடுங்குகிறான் என்றும் அந்தக் கதையை வாசிக்கலாம்.

ஆகவே பேயை அப்படியே நம்பு என்று நாங்கள் சொல்லவில்லை. பேய்க்கதையை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறோம். பெர்லின் நீதிபதி ஹொப்மன் அதைத்தான் செய்தார். துரைமார் எழுதிவைத்த பதிவேடுகளில் எத்தனை இறாத்தல், எத்தனை பேர், எத்தனை நாள் என்பதெல்லாம் இருக்கும். செக்றோலில் பேர் வெட்டப்பட்டவன் எப்படிச் செத்தான், மற்றவர்கள் அதை எப்படித் தாங்கினார்கள் என்பது இருக்காது. அது லயத்துக் கதையில்தான் இருக்கிறது.

காலமும் அதிகமில்லை. லயங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்த் தனி வீடுகள் வருகின்றன. வரத்தான் வேண்டும், அந்தக் காம்பராக்களுக்காக யாரும் அழப்போவதில்லை. ஆனா பிராக்கில் நடந்தது இங்கேயும் நடக்கும். சுவர் போகும்போது அந்தச் சுவருக்குள் சொன்ன கதையும் போகும். பிராக்குக்கு மைரிங்க் இருந்தார்.

அதனால் இதை வாசிக்கிற தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். இனி வீட்டில் அப்பாயியோ அம்மாயியோ ஒரு பேய்க்கதையை எடுத்தால், போனை எடுத்துப் பதிவு செய்யுங்கள். முடிந்ததும் மூன்றே கேள்வி கேளுங்கள். செத்தது யார்? என்ன வேலை செய்தார்? எந்த இடத்தில்? பதில் பாதிதான் கிடைக்கும். மீதியை எழுதத்தான் கதை என்று ஒன்று இருக்கிறது. துன்பக்கேணியும் காஞ்சனையும் ஒரே கதையாகிற இடம் அதுதான். புதுமைப்பித்தன் போகாத அந்த இடத்துக்குப் போக அவரைவிட நமக்கு வசதி அதிகம். நாம் அங்கேயேதான் இருக்கிறோம்.