கர்ணபரம்பரை

கர்ணம் என்பது காது; பரம்பரை என்பது இடையறாத தொடர்ச்சி. காதுவழியாகத் தொடர்ந்து வந்த செய்தி கர்ணபரம்பரை எனப்படும். இதற்கு உறவான சொற்கள் தமிழில் பல உள. சிலர் வாய்க்குள் முணுமுணுப்பதை அம்பல் என்றும், பலரறியப் பேசுவதை அலர் என்றும் நம் முன்னோர் பகுத்தனர். திருவள்ளுவர் அலரறிவுறுத்தல் என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும் அலருக்கு அடியில் மெய்யான காதல் ஒன்று உண்டு. வதந்திக்கோ அடியில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். கர்ணபரம்பரை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அது தான் வந்த வழியை மட்டும் ஒளியாமல் உரைக்கிறது. "ஏட்டில் இல்லை, கேட்டதைச் சொல்கிறேன்" என்பதே அதன் பொருள்.

இச்சொல்லைக் கைவிடுவதால் வரும் கேட்டிற்கு ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தைத் தாக்கியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. மீண்டும் வரும் என அஞ்சி மக்கள் ரயிலேறி வெளியூர் சென்றனர். துணிவும் தந்திரமும் உடையவனை 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கும் தமிழில் புகுந்தது. அக்கப்பலில் வீரர் செண்பகராமன் பிள்ளையும் வந்தார் என்று மேடைதோறும் முழங்குகிறோம்.

ஒருவர் ஒரு வண்டியில் வந்தார் என்றால், எந்த நிலையத்தில் ஏறினார் என்று வினவுவது ரயில்வே ஊழியராகிய நம் வழக்கம். எம்டன் சீனத்துச் சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்ட கப்பற்படையைச் சேர்ந்தது. 1914 ஆகஸ்டில் பசிபிக் கடலில் தன் படையைப் பிரிந்து, நேரே இந்துமாக்கடலுக்கு வந்தது. செண்பகராமனோ அப்போது ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் இந்திய விடுதலைக்காகச் சங்கம் நடத்திக்கொண்டிருந்தார்; அக்டோபரில் பெர்லினுக்குச் சென்றார். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே எம்டன் அழிந்தது. அவர் ஏறுவதற்கு இடமும் இல்லை, காலமும் இல்லை.

இக்கதை எவ்வாறு வரலாறாயிற்று? முதலில் சொல்பவர் 'என்பர்' என்று முடிக்கிறார். அடுத்தவர் அவ்வொரு சொல்லை விட்டுவிடுகிறார். மூன்றாமவர் அவரையே சான்று காட்டுகிறார். அவ்வளவுதான்!

இதைச் சொன்னால் அப்பெரியாரின் புகழ் குறையுமோ எனச் சிலர் வருந்தலாம். குறையாது. அந்நிய மண்ணில் இந்திய விடுதலைக்காக உழைத்து, 1934இல் பெர்லினிலேயே உயிர்நீத்தவருக்கு இரவல் புகழ் எதற்கு? பொய்யொன்றைக் கண்ட மாற்றார் மெய்யையும் ஐயுறுவர் அன்றோ?

பிறமொழியாளர் நடுவே வாழும் நமக்கு இதில் கவனம் மிகவும் வேண்டும். நம் பெருமையை அவர்கள் நம் வாய்மொழியால்தான் அறிகிறார்கள். ஆகவே அன்பர்களே, சான்றுள்ளதை ஆண்டுடன் சொல்வோம். சான்றில்லாததைக் கர்ணபரம்பரை என்றே சொல்வோம். அச்சொல்லைச் சேர்ப்பதால் கதையின் சுவை குன்றாது. தமிழர் சொல்லின் மதிப்பு உயரும்.