எஞ்சின் வேலை: பழைய வாகனங்களில் புதுப்பிப்பும் மாற்றும், அவற்றின் செலவும்

எஞ்சின் வேலை என்பது, தேய்ந்துபோன எஞ்சினை வண்டியிலிருந்து இறக்கிப் பிரித்து, உட்பரப்புகளைக் கடைந்து, புதிய பிஸ்டன், ரிங், பேரிங் போட்டு மறுபடி பூட்டும் பணிக்குத் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் வழங்கும் பெயர். எஞ்சினையே முழுதாக மாற்றிவிடுவது இதற்கு மாற்று வழி. இரண்டில் எது மலிவு என்று வண்டியை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஹெட்டைக் கழற்றி, சிலிண்டருக்குள் டயல் கேஜ் விட்டு அளந்த பிறகே தெரியும். முதல் நாள் மெக்கானிக் சொல்லும் தொகையும் கடைசி நாள் பில்லும் ஒத்துப்போகாததற்கு முதல் காரணம் இதுதான்; எல்லா நேரமும் அதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது.

தேய்மானத்தின் அடையாளங்கள்

நீலப்புகை தள்ளினால் ஆயில் எரிகிறது. விடாத வெண்புகை என்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. கரும்புகை எரிபொருள் மிகுதியைக் காட்டும், அதற்குப் பெரும்பாலும் எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. "ஆயில் குடிக்குது", "பிக்கப் இல்ல" என்று வரும் வண்டிக்குக் கம்ப்ரெஷன் பார்ப்பது முதல் வேலை. அழுத்தம் குறைவாக இருந்தால் ஸ்பார்க் பிளக் துளை வழியே சிறிது ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அளவு ஏறினால் கோளாறு ரிங்கிலோ சிலிண்டரிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ. சில நிமிடங்களில் முடியும் இந்தச் சோதனை, ஹெட் வேலையோடு நிற்குமா, முழு வேலைக்குப் போக வேண்டுமா என்பதை ஏறத்தாழச் சொல்லிவிடும். இரண்டுக்கும் இடையே செலவு பல மடங்கு வேறுபடும் என்பதால், இதைச் செய்யாமல் எஞ்சினை இறக்கச் சொல்லும் பட்டறையில் சற்று நிதானிப்பது நல்லது.

லேத் பட்டறையில் முடிவாகும் செலவு

சிலிண்டர் சீராகத் தேய்வதில்லை. எரிதலின் சூடும் அழுத்தமும் மிகுந்து, ஆயில் படலம் மெலிந்திருக்கும் மேற்பகுதியில்தான் தேய்மானம் அதிகம். ரிங் எட்டாத உச்சியில் பழைய அளவு அப்படியே இருப்பதால், விரலை ஓட்டினால் ஒரு படி தட்டுப்படும். இந்தக் கோணலைப் புதிய ரிங்கால் மட்டும் சரிசெய்ய முடியாது. சிலிண்டரை அடுத்த அளவுக்குக் கடைந்து, ஹோனிங் செய்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். இதுவே ரீபோர்.

அம்பாசிடர் காரின் 1489 சிசி எஞ்சின் நல்ல எடுத்துக்காட்டு. பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்து 'பி' வரிசையைச் சேர்ந்த அதன் சிலிண்டர் விட்டம் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. அதற்கான பிஸ்டன்கள் 10, 20, 30, 40 'சைஸ்' என்று கேட்டு வாங்கப்பட்டன. அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு பெரிது என்பதை இந்த எண் குறிக்கும். 40 சைஸ் என்பது ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. ஒரு பிளாக்குக்கு இத்தனை ஆயுள்தான் என்பது இந்த எண்களிலேயே அடங்கியிருக்கிறது. அதையும் தாண்டினால் லைனர் என்னும் உள்ளுறையை அடித்து மறுபடி ஸ்டாண்டர்டு அளவுக்குக் கொண்டுவருவார்கள்.

நான்கில் ஒரே ஒரு சிலிண்டரில் கோடு விழுந்திருந்தாலும் நான்கையும் கடைவதே வழக்கம். பிஸ்டன்களின் எடையும் அளவும் ஒத்திருக்க வேண்டும் என்பது காரணம். உரிமையாளருக்கு மிகவும் வலிக்கும் இடமும் இதுதான். கிராங்க் ஷாஃப்டின் கதை நேர் எதிர்: அதைச் சாணை பிடிக்கப் பிடிக்க மெலியும், பேரிங் தடிக்கும். இவற்றோடு ஹெட் ஃபேஸிங், வால்வு சீட் வெட்டுதல், ஆயில் பம்ப், கேஸ்கட் செட், எஞ்சின் இறங்கியிருக்கும்போதே மாற்றிவிடலாம் என்று சேரும் கிளட்ச் தட்டு எல்லாம் பில்லில் ஏறும். கடைசியில் சொன்னது வீண் செலவல்ல. தனியாக மாற்றினால் இறக்கி ஏற்றும் கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டிவரும்.

தமிழ்நாட்டில் இந்த வேலை ஓரளவு கட்டுப்படியான விலையில் நடந்துவந்ததற்கு உள்ளூர் உற்பத்தியும் காரணம். அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அதே குழுமத்தின் பைமெட்டல் பேரிங்ஸ் கோவையில் வேர்கொண்டது. லாரி எஞ்சின்களில் லைனரைக் கழற்றிப் போடலாம் என்பதால், பிஸ்டன், ரிங், பின், லைனர் நான்கும் ஒரே பெட்டியில் 'கிட்' ஆகக் கிடைக்கின்றன. அங்கே போரிங்கே தேவைப்படாமல் போகலாம். பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய லாரிக்கு எஞ்சின் வேலை பார்ப்பது வழக்கமான பராமரிப்பாகக் கருதப்படுவதும், அதே வயதுக் காரைக் கைகழுவிவிடுவதும் இதனால்தான்.

புதிய எஞ்சின்களின் சிக்கல்

796 சிசி மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் பெட்ரோல் காருக்குத் தெருமுனைப் பட்டறையில் முழு வேலை சில பத்தாயிரங்களில் முடியும். காமன் ரயில் டீசலில் அது எளிதாக லட்சத்தைத் தாண்டும். ஃபியட்டிடமிருந்து வந்து, மாருதி, டாடா கார்களிலும் ஓடிய 1248 சிசி மல்டிஜெட் டீசலை இதற்குச் சொல்லலாம். பிஸ்டன், பேரிங்கின் விலை மட்டும் என்றால் சமாளிக்கலாம். இன்ஜெக்டர், உயர் அழுத்தப் பம்ப், டர்போ மூன்றும் சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது. அலுமினிய ஹெட் இன்னொரு தொல்லை. தண்ணீர் இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டினால் போதும், கோணிவிடும்.

வெள்ளமும் காப்பீடும்

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பின் பட்டறைகளில் குவிந்த கார்களில் பலவற்றுக்கு ஒரே நோய். தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்த நிலையில் சாவியைத் திருப்பினால், தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் விளைந்த சேதம் என்று சொல்லிச் சாதாரணக் காப்பீட்டில் இதை மறுப்பது வழக்கம். இதற்கென்று தனி எஞ்சின் பாதுகாப்புச் சேர்ப்பு உண்டு, ஆனால் பழைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் தரமாட்டார்கள். ஒப்புக்கொள்ளப்படும் உரிமைக்கோரலிலும், பத்தாண்டு தாண்டிய வண்டியின் உலோகப் பாகங்களுக்குப் பாதி விலை தேய்மானமாகக் கழிக்கப்படும்.

யாழ்ப்பாணத்து மண்ணெண்ணெய்க் கார்கள்

இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் பெட்ரோல் தடைபட்டிருந்த யாழ்ப்பாணத்தில் ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெட்ரோல் காட்டி ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். ரிங்கும் பேரிங்கும் விரைவில் தேயும். ஆனாலும் அவை ஓடின. ஏ55 கேம்பிரிட்ஜில் இருந்தது அம்பாசிடருக்கு நெருங்கிய உறவான அதே 1489 சிசி பி வரிசை. வார்ப்பிரும்பு பிளாக், எளிய கார்புரேட்டர், கையால் பிரித்துப் பூட்டக்கூடிய அமைப்பு. கணினி வைத்த இன்றைய எஞ்சின் எதுவும் அந்த நடத்தையைப் பொறுத்திருக்காது. பின்னாளில், 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய கார்களின் விலை எகிறியது. அங்கே எஞ்சின் வேலைக்கு ஆகும் பணம் வண்டியின் விலையோடு ஒப்பிடச் சிறிதாகத் தெரிந்தது.

எஞ்சினையே மாற்றுவது

பிளாக் விரிசல் விட்டிருந்தாலோ, ராடு உடைந்து பக்கவாட்டில் ஓட்டை போட்டிருந்தாலோ புதுப்பிக்க ஒன்றும் மிஞ்சாது. புத்தம்புது எஞ்சின் நிறுவனத்திடம் கிடைத்தாலும், அதன் விலை பழைய காரின் சந்தை மதிப்பையே விஞ்சக்கூடும். எனவே சென்னைவாசிகள் பெரும்பாலும் புதுப்பேட்டைக்குப் போகிறார்கள். விபத்தில் நொறுங்கிய, ஆனால் எஞ்சின் தப்பிய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகள் அங்கே வரிசையாக உண்டு. வாங்குமுன் ஓட்டிப் பார்க்க முடிவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் எஞ்சினுக்கும் கேஸ்கட், சீல், பெல்ட் செலவு கட்டாயம் உண்டு. இதையும் கூட்டிப் பார்த்தால், சொந்த எஞ்சினையே கடைந்திருக்கலாமோ என்று தோன்றும் தருணங்கள் குறைவல்ல.

சட்டக் கணக்கும் இருக்கிறது. எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்திலும் காப்பீட்டுப் பத்திரத்திலும் பதிவாகியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவு விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே வேறு எஞ்சின் போட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று, புதிய எண்ணைப் பதிய வேண்டும். எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று காட்டும் ரசீது இல்லாவிட்டால் திருட்டுச் சந்தேகம் வரும். 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. தகுதிச் சோதனைக்கு வரும் வண்டியில் அதிகாரி முதலில் பார்ப்பவற்றுள் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் உண்டு. எண் பொறித்த பழைய பிளாக்கை உடனே காயலாங்கடைக்கு எடை போட்டுவிடாமல், ஆர்.சி.யில் மாற்றம் ஏறும் வரை பட்டறை மூலையிலேயே போட்டுவைக்கச் சொல்வார் அனுபவமுள்ள மெக்கானிக்.